உள்சிறகில் ஓர் அங்குலம்

“படம் போட்டவன் தப்பு பண்ணியிருக்கான் சார். ரெண்டு ரெக்கையும் ஒரே அளவா இல்ல. நான் சரி பண்ணிட்டேன்” என்றார் ஸ்தபதி.

கேட்காமலே ஓர் உபகாரம் செய்துவிட்ட நிறைவு அவர் குரலில் இருந்தது. பலகைமேல் இறக்கையின் எலும்புக்கூடு கிடந்தது. இடமும் வலமும் நூல் பிடித்தாற்போல் சமம். நறுக்கி எடுத்த ஓர் அங்குலத் துண்டுகள் கீழே வாகைச் சீவல்களோடு கிடந்தன. பால்சாவின் வெளுப்பு வாகையின் கறுப்பில் தனியாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதை நான் வெளியே காட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்பவர்களின் கை பேர்போனது. 2021ல் இந்த ஊர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் என்ன மாறியது என்று கேட்டால் ஸ்தபதி சிரித்துவிட்டு உளியை எடுத்துக்கொள்கிறார். எழுபது தாண்டிய என் விரல்கள் இப்போது நடுங்குகின்றன. பால்சாவில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். அதனால்தான் என் விமானத்தின் இறக்கையை அவரிடம் கொடுத்தேன். அம்மன்களையும் யாளிகளையும் செதுக்குகிற கை எனக்காக நாலு நாள் ஒரு பொம்மைக்கு இரங்கியது.

பொம்மை என்பது மற்றவர்கள் சொல்கிற வார்த்தை. மறுக்க எனக்கு நியாயமில்லை. ஒரு மீட்டர் அகலம், மூக்கில் 2.5 சி.சி. டீசல் இயந்திரம், இடது இறக்கையின் நுனி வழியாக வெளியே வரும் இரண்டு எஃகுக் கம்பிகள். கம்பிகளின் மறுமுனை என் கைப்பிடியில். நான் வட்டத்தின் நடுவில் நிற்கிறேன். விமானம் என்னைச் சுற்றுகிறது. கைப்பிடியைச் சாய்த்தால் இறக்கைக்குள் ஒளிந்திருக்கும் முக்கோணத் தகடு திரும்பி, வாலிலுள்ள எலிவேட்டரை அசைக்கும். மூக்கு எழும், தாழும், குட்டிக்கரணம் போடும், தலைகீழாகப் பறக்கும். இதற்குக் கண்ட்ரோல் லைன் என்று பெயர். சாகசப் பறத்தலுக்கான வகையை ஸ்டண்ட் என்பார்கள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்கு கலந்தால் அதற்கு எரிபொருள். ஆமணக்கு விளைகிற சீமையில் மூன்றாவதற்குப் பஞ்சமில்லை. முதலாவதற்குத்தான் அலைய வேண்டும்.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது பிடித்த பைத்தியம் இது. 1950ல் தொடங்கிய அந்தப் பிரிவில் மாதிரி விமானம் கட்டுவதும் பாடத்தில் உண்டு. பால்சாவுக்கு வழியில்லாத விடுமுறை நாட்களில் ஊரில் முள்முருங்கையை அறுத்துப் பார்த்திருக்கிறேன். மெத்தென்று இருக்கும், ஆனால் பால்சாவை நெருங்காது. நெட்டி எடை குறைவு, ஆனால் இழுப்பைத் தாங்காது. ஈக்வடார் காட்டு மரம் ஒன்றுக்குக் கல்வராயன் மலையடிவாரத்தில் மாற்றுத் தேடிய அந்த வருஷங்களைப் பற்றித் தனியாக எழுதலாம். யாரும் படிக்கமாட்டார்கள்.

இப்போது கட்டுவது 1950களின் தொடக்கத்தில் வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் வரைபடத்திலிருந்து. வரைந்தவன் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் இருந்த மூலையை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. இந்தக் கலையின் தொடக்கமே பெயர்ச் சண்டைதான் என்பதால் எனக்கு அது பெரிய நஷ்டமாகப் படவில்லை. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்துக்காரரான ஜிம் வாக்கர், கம்பியில் கட்டிப் பறக்கவிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். 1955ல் ஒரு வழக்கில் அது நிற்கவில்லை. அதே மாநிலத்தைச் சேர்ந்த ஓபா செயின்ட் கிளேர் என்பவர் அவருக்கு முன்பே பறக்கவிட்டிருந்தார் என்று ஆயிற்று. பாப் பாமரும் ஜார்ஜ் ஆல்ட்ரிச்சும் எலிவேட்டரோடு இணைந்து எதிர்ப்பக்கமாக அசையும் ஃப்ளாப்புகளை இறக்கையில் வைத்து, ஸ்டண்ட் விமானத்துக்கு இன்றுவரை நிற்கிற ஒரு முகத்தைக் கொடுத்தார்கள். என் வரைபடத்துக்காரன் அவர்களைப் பார்த்துக் கற்றவனாக இருக்க வேண்டும். கோடுகளில் அந்தச் சாயல் இருக்கிறது.

இனி அந்த ஓர் அங்குலம். வட்டத்தில் பறக்கிற விமானத்துக்கு இரண்டு இறக்கைகளும் ஒரே வேகத்தில் போவதில்லை. மையத்துக்கு அருகிலுள்ள உள் இறக்கை சின்ன வட்டம் போடுகிறது, வெளி இறக்கை பெரிய வட்டம். கம்பி 15 மீட்டர் என்றால், ஒரு மீட்டர் இறக்கையில் இரண்டு பாதிகளின் வேகத்துக்கும் இடையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வித்தியாசம். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் வெளிப்பாதி ஏறக்குறைய 7 சதம் கூடுதலாகத் தூக்கும். விமானம் உள்பக்கமாக, அதாவது என்னை நோக்கிச் சரியும். சரிந்தால் கம்பி தொய்யும். கம்பி தொய்ந்த விமானம் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. அதனால் பழைய வடிவமைப்பாளர்கள் பலர் உள் இறக்கையைக் கொஞ்சம் நீளமாக வைத்தார்கள். பூமியில் சமமில்லாமல் இருந்தால்தான் ஆகாயத்தில் சமம். ஸ்தபதி வெட்டியது அந்தச் சமத்தை.

அவரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்து நின்றது. சொல்லவந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

1986ல் என் சிநேகிதன் ஒருவன் இறந்துபோனான். கச்சிராயபாளையத்துக்காரன், என்னைப்போல் பள்ளி ஆசிரியன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். உயிரோடிருந்தபோது இரண்டோ மூன்றோதான் அச்சில் வந்தன. மறுவருஷம் நான் அவற்றைத் தொகுத்து, அப்போது தென்னாற்காடு ஜில்லாவாக இருந்த இந்த ஊரிலேயே முந்நூறு பிரதிகள் அச்சடித்தேன். சிவப்பு மையில் பிழை திருத்தியவன் நான். அவனுக்கு ரகர றகரம் தகராறு. திருத்தினேன். சந்தி விட்டிருந்தான். போட்டேன். ஒரு கவிதையில், சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்புகிறவன் பார்வையில், ‘மலைகள் வந்தது’ என்று எழுதியிருந்தான். பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதைவிடச் சுலபமான பிழை கிடையாது. ‘வந்தன’ என்று ஆக்கினேன். உபகாரம் செய்த நிறைவு எனக்கும் இருந்திருக்கும்.

கோமுகி அணைப் பக்கம் இருட்டுகிற நேரத்தில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். பகலில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிற மலை அந்த நேரத்தில் மடிப்புகளை இழந்துவிடும். கறுப்பாக ஒரே ஒரு பொருள் எழுந்து ஜன்னலுக்கு எதிரே வரும். மலைகள் வந்தது. அவன் கண்டது அதுதான். நான் அதை இலக்கணமாகத் திரும்ப அடுக்கிவைத்துவிட்டேன்.

கோபம் அடங்கியபின் மனசில் ஓடிய கேள்வியை இப்படி வைக்கலாம்: விளங்காத ஒன்று கையில் வரும்போது, அது பிழையா நோக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரியாவிட்டால் என்ன செய்வது? விளங்காததை அப்படியே விட்டுவிடு என்பது பணிவான பதில்போல இருக்கிறது. அதில் பாதி சோம்பல். பார்த்ததை எல்லாம் அப்படியே எடுப்பது ஜெராக்ஸ் மெஷினின் வேலை. அதுவும் ஒழுங்காகச் செய்வதில்லை. என் வரைபடத்தைப் பெரிதாக்கியபோது ஒரு திசையில் மட்டும் நூற்றுக்கு இரண்டு இழுத்துவிட்டது. அடியில் அச்சிட்டிருந்த அளவுகோலின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஓலையில் எழுத்துப் பெயர்த்தவர்களும் அப்படித்தான் இழுத்தும் சுருக்கியும் நம்மிடம் சேர்த்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்ட விசுவாசம் என்று ஒன்று இருந்தால் அது அந்த இழுப்புக்கும் சேர்த்துத்தான் விசுவாசமாக இருக்கும்.

என் வரைபடத்தில் உண்மையான பிழை ஒன்று இருந்தது. ஐந்தாவது ரிப் தனியாக வரைந்திருக்கும் இடத்தில், மேலிருந்து பார்க்கும் படத்தில் அதற்குள்ள இடத்தைவிடக் கால் அங்குலம் குட்டை. மெஷினின் இழுப்பைக் கழித்துப் பார்த்தாலும் சேரவில்லை. அதை நான் தயங்காமல் திருத்தினேன். அங்கே எப்படித் துணிந்தேன்? வரைபடம் தன்னோடு தானே முரண்பட்டது. அந்த ரிப்பை ஆதரித்து வேறு ஒரு கோடும் பேசவில்லை. ஆனால் நீண்ட உள் இறக்கை அப்படியல்ல. அதற்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். வெளி இறக்கையின் நுனியில் ஒரு சின்ன ஈயக்கட்டிக்கு இடம் குறித்திருக்கிறான், கம்பிகளின் எடைக்கும் நீண்ட பாதியின் எடைக்கும் ஈடாக. இரண்டு பாதிகளின் நீளத்தையும் தனித்தனியே எண்ணாலும் எழுதியிருக்கிறான். கை தவறியவன் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி தவற மாட்டான். பிழை தனியாக நிற்கும். நோக்கத்துக்கு உறவுக்காரர்கள் உண்டு என்று அப்போது தோன்றியது.

இந்த அளவுகோலோடு சிநேகிதனின் கவிதைக்குத் திரும்பினேன். திரும்பியிருக்க வேண்டாம். அதே கவிதையில் ஐந்து வரிக்கு முன்னால் ‘மாடுகள் திரும்பின’ என்று அவனே எழுதியிருக்கிறான். பன்மைக்குப் பன்மை வினை போட அவனுக்குத் தெரியும். மாடுகள் பல, ஒவ்வொன்றும் தன் தன் வீட்டுக்குத் திரும்பும். மலைகள் அப்படியில்லை. சாட்சி அதே பக்கத்தில், என் சிவப்புப் பேனாவுக்கு இரண்டங்குலம் மேலே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்கு வழியில்லை. நான் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். பிழை என்று முடிவு செய்த பிறகு யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். வேறொரு கவிதையில் ‘அறுவி’ என்று எழுதியிருந்தான். அருவி என்று திருத்தினேன். ரகர றகரத் தகராறுள்ளவன் என்பதால் சந்தேகமே எழவில்லை. ஆனால் கல்வராயனில் கோடையில் பல அருவிகள் அற்றுப்போகும். பாறையில் வெள்ளைத் தழும்புதான் மிச்சம். அற்றுப்போவதை நினைத்து எழுதினானா? அல்லது வழக்கமான தவறா? அந்தக் கவிதையில் இதற்கு உறவுக்காரர் யாருமில்லை. நோட்டைப் பார்க்கலாமென்றால், அதை அச்சுக்கோப்பவரிடம் கொடுத்தவன் திரும்பக் கேட்டு வாங்கவில்லை. அச்சகம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்த இரண்டு திருத்தங்களும் எனக்கு நினைவிருப்பதால் பேசுகிறேன். நினைவில்லாதவை எத்தனை?

என் அளவுகோலையும் நான் முழுக்க நம்பவில்லை. எல்லாக் கோடும் ஒன்றையொன்று ஆதரித்து, மொத்தமும் தவறாக இருக்கலாம். பிற்காலத்து ஸ்டண்ட் விமானிகள் பலர், பழையவர்கள் உள் இறக்கையை அளவுக்கு மீறி நீட்டிவிட்டார்கள் என்கிறார்கள். இவ்வளவு நீட்டினால் அதற்கு ஈடாக வெளி நுனியில் ஈயம் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டிய ஈயம் கூர்மையான திருப்பங்களில் விமானத்தை ஆட்டிவைக்கிறது. நோக்கம் இருந்தது, ஆனால் நோக்கமே சரியில்லை. அப்படியானால் ஸ்தபதி தற்செயலாகச் சரியான பக்கம் கொஞ்சதூரம் வந்திருக்கிறார் என்றுகூட வாதாடலாம். ஆனால் காரணம் தெரியாமல் வந்து சேர்ந்த சரியை என்னால் சரி என்று ஒப்ப முடியவில்லை. அமெரிக்காவில் பழைய ஸ்டண்ட் விமானங்களுக்கென்றே போட்டிகள் நடத்துகிறார்கள். 1952 முடிவதற்குள் வடிவமைத்தவை ஒரு பிரிவு, 1969 வரையிலானவை இன்னொரு பிரிவு. அங்கே பழைய வடிவத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும். இன்றைய அறிவைக் கொண்டு மேலான விமானம் கட்டுவதை யாரும் தடுக்கவில்லை. அதை அந்தப் பழைய பெயரில் கொண்டுவராதே என்பதுதான் விஷயம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ‘வந்தன’ என்று நான் ஒரு கவிதை எழுதியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவன் பெயருக்கு மேலே எழுதினேன்.

உ.வே. சாமிநாதையர் 1894ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் சிதைந்த இடங்களைப் புள்ளிகளாகவே விட்டார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. அந்த எண்கள் இன்றும் காலியாகத்தான் நிற்கின்றன. பிரதிகளுக்குள் வித்தியாசம் வந்த இடங்களில் ஒன்றை மேலே வைத்து மற்றதைக் கீழே கொடுத்தார். யாப்பு தெரிந்த மனுஷர். புள்ளிகளின் இடத்தில் பொருந்துகிற சீர்களைப் போட அவருக்கு எத்தனை நாழிகை ஆகியிருக்கும்? அதைச் செய்யவில்லை என்பதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. நூலுக்கு அடிக்குறிப்பு என்ற வசதி இருக்கிறது. விமானத்துக்கு இல்லை, இறக்கை நீளமாக இருக்கும், அல்லது இருக்காது. வசதியே இல்லாத வேலையில் அகப்பட்டவர் ஸ்தபதி. ஒரு வரி அடிக்குறிப்புக்கு முழுப்பக்கமும் இடமிருந்தும் போடாதவன் நான். இப்படி யோசித்துக்கொண்டு அவர்மேல் கோபப்பட்டது எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் போய் வட்டத்தை மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினேன். உள் வட்டம், வெளி வட்டம். ஸ்தபதி சீக்கிரம் புரிந்துகொண்டார். என்னைவிடச் சீக்கிரம் என்றே சொல்லவேண்டும். சிற்பத்தில் நடுவே பிரம்மசூத்திரம் என்று ஒரு தூக்குநூல் கோடு உண்டு. அதற்கு இருபுறமும் சமமாக நிற்பது சமபங்கம். “நான் இத சமபங்கம்னு நெனச்சுட்டேன் சார். இது அப்படி இல்ல. திரிபங்கத்துல இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் போவும். ஒடம்பு சாஞ்சாலும் சிலை சாயாது. அந்த மாதிரி” என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, “நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?” என்றார். சொல்லியிருக்கலாம். வரைபடத்தைக் கொடுத்தால் போதும், அதில் எல்லாம் இருக்கிறது என்று நினைத்தேன்.

வெட்டிய துண்டுகளைச் சாய்வாகச் சீவி மறுபடி ஒட்டிவிடலாம் என்றார். ஒட்டினார். பழுதுபட்ட பழைய தேர்ச் சிற்பங்களுக்குக் கை, கால் வைத்துக்கொடுத்த பழக்கம் அவருக்கு உண்டு. அதைப்பற்றிக் கேட்டேன். பழைய கை எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால்?

“அடுத்த கையப் பாப்பேன். அதுவும் இல்லன்னா பக்கத்துச் சிலையப் பாப்பேன். எதுவுமே இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடுவேன் சார், ஒடஞ்சதாவே இருக்கட்டும்னு. வெச்ச கைக்கு உள்பக்கம், பொருத்துற எடத்துல, ஒரு கோடு கீறி வெச்சுடுவேன். வெளிய தெரியாது. பின்னாடி எவனாவது பிரிச்சான்னா இது அப்புறம் வெச்சதுன்னு அவனுக்குத் தெரியணுமில்ல?”

விமானத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை என்று முந்தின நாள் யோசித்து வைத்திருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒட்டுக்குப் பக்கத்து ரிப்பில் பென்சிலால் ‘வெட்டி ஒட்டியது’ என்று எழுதி மாதமும் வருஷமும் போட்டேன். மேலே டிஷ்யூ ஒட்டி டோப் பூசியானபின் அது தெரியாது. கீழே விழுந்து உடைந்தால் தெரியும். ஸ்டண்ட் விமானம் என்றைக்காவது விழும்.

மிச்சமிருந்தது கவிதை. என்னிடமுள்ள பிரதிகள் நான்கிலும் பென்சிலால் குறித்தேன். முந்நூறில் நான்கு. சிநேகிதனின் தங்கை கச்சிராயபாளையத்தில் இருக்கிறாள். அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று சாயங்கால பஸ் பிடித்துப் போனேன். மழைமூட்டம், மலை தெரியவில்லை. அவள் காபி கொடுத்தாள். புத்தகத்தை எடுக்கவில்லை. அந்தக் கவிதை அவளுக்கு மனப்பாடம். பேத்திக்குப் பள்ளிக்கூட விழாவில் சொல்லச் சொல்லிக்கொடுத்ததே அதுதானாம். பேத்தியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள். பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னது. மாடுகள் திரும்பின. மலைகள் வந்தன. அந்த இடத்தில் இரண்டு ‘ன’ சேர்ந்து ஓசை அழகாகத்தான் இருந்தது.

பெண் உள்ளே போனபின் விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு பேசறப்பகூட அப்படித்தான் சொல்லுவாரு அண்ணா, வந்ததுன்னு. நாங்க எல்லாருமே அப்படித்தான சொல்றோம்” என்றாள். பிறகு, “இப்ப போயி புள்ளகிட்ட மாத்திச் சொல்லுன்னா, டீச்சரு தப்புன்னு சொல்லுவாங்களே?”

பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் நானே அந்த டீச்சராக இருந்தவன். ஒரு பிரதியை, பென்சில் குறியோடு, அவளிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தபதியும் வந்தார். அறுவடை முடிந்த காட்டில் வட்டம் போட்டோம். மூன்றாம் சுற்றில் கம்பி விறைத்து நின்றது. விமானத்தின் எடையைப்போல் மூன்று மடங்காவது இழுத்திருக்கும். தலைச்சுற்றல் எனக்கு வருமென்பதால் கரணம் எதுவும் போடவில்லை. எண்ணெய் தீரும்வரை மட்டமாகவே சுற்றவிட்டு இறக்கினேன். ஸ்தபதி ஓடிப்போய் உள் இறக்கையைத் தொட்டு, ஒட்டு இருந்த இடத்தை வெளியிலிருந்தே விரலால் தேடினார்.